ஃப்ரிட்ஜை விட்டு வெளியேறிய மாவு

காலை ஐந்தரைக்கு அடுப்படிக்குள் நுழைந்தேன், கால் வழுக்கியது. லைட்டைப் போட்டுப் பார்த்தால் தரையெல்லாம் தோசை மாவு. மேடையில் இருந்த குண்டானின் மூடியைத் தொப்பி மாதிரி தலையில் தூக்கிக்கொண்டு பொங்கிய மாவு, மிக்ஸியை ஒரு சுற்றுச் சுற்றி, மேடை விளிம்பில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. மே மாதம், மதுரை. ராத்திரி முழுக்க வெளியே கிடந்த மாவு வேறென்ன செய்யும்?

மாவு ஏன் வெளியே கிடந்தது என்றால், ஃப்ரிட்ஜில் இடமில்லை. ஃப்ரிட்ஜில் ஏன் இடமில்லை என்றால், அம்மா.

முந்தின நாள் மகளுக்கு முதல் பிறந்தநாள். மாடியில் பந்தல் போட்டு மதியச் சாப்பாடு. அறுபது பேரை அழைத்திருந்தோம். அன்றைக்கு முகூர்த்த நாள் என்பதைக் காலண்டரில் பார்க்காதது என் தப்பு. சொந்தத்தில் ஒரு கூட்டம் வேறெங்கோ கல்யாணத்தில் மொய் எழுதிவிட்டு எங்களுக்குப் போனில் வாழ்த்துச் சொன்னது. வந்தவர்கள் 38 பேர். சமையல்காரரோ, "பத்து இலை கூட விழுந்தாலும் தாங்கணும்ல சார்" என்று எழுபது பேருக்குச் செய்திருந்தார்.

கடைசிப் பந்தி முடிய மணி இரண்டு. அரை அண்டா வெஜிடபிள் பிரியாணி, அவியல், பால் பாயசம், தயிர்ப் பச்சடி, சாம்பார் எல்லாம் மிச்சம். மூடி வைத்துவிட்டுக் குழந்தையோடு போட்டோ எடுக்கப் போனோம். அடுப்படி ஞாபகம் வந்தபோது மணி ஏழு. சாம்பார் அடுப்பைக்கூட நான் அணைக்கவில்லை. சிம்மில் ஐந்து மணி நேரம் தளதளவென்று கொதித்துக் கிடந்தது. அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன்.

அப்புறம் அம்மா களத்தில் இறங்கினாள். "கொட்டுறதுக்கால காசு குடுத்த?" என்று கேட்டுக்கொண்டே தண்ணீர் பாட்டில்களை வெளியேற்றினாள். காய்கறி வெளியேறியது. அன்று காலையில் அரைத்த மாவு வெளியேறியது. எங்களுடையது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். அதற்குள் பிரியாணி அண்டாவை நிறுத்த நடுத்தட்டைக் கழற்றி எடுத்தாள். அண்டாவைச் சுற்றிக் கிடைத்த சந்துகளில் கிண்ணங்களைச் செருகி, கதவை இடுப்பால் ஒரு தள்ளு. குளிர் காற்று உள்ளே எந்த வழியாகப் போகும் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

கேட்டவள் என் கொழுந்தியா. கல்லூரியில் மைக்ரோபயாலஜி எடுக்கிறாள். ஒன்பதரைக்குத் தண்ணீர் குடிக்க வந்தவள் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். ஒரு நிமிடம் அப்படியே நின்றாள்.

"அத்தான், இந்தப் பிரியாணி எப்ப இறக்குனது?"

"பதினொன்றரை இருக்கும்."

விரல் விட்டு எண்ணினாள். பிறகு எங்கே போனாளோ, குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரோடு வந்து அண்டாவுக்கு நட்டநடுவில் சொருகினாள். அது பீப் அடித்தது. 102 டிகிரி.

"உங்க பிரியாணிக்கு நல்ல காய்ச்சல்."

என் மனைவி பார்த்த பார்வையில் அந்தத் தெர்மாமீட்டர் இனிமேல் குழந்தையின் அக்குளுக்குப் போகாது என்பது முடிவாகிவிட்டது. அண்டாவைத் தொட்டுப் பார்த்தேன். வெளியே ஜில்லென்று இருந்தது. நடுவில் கையை விட்டால் குளிக்கிற வெந்நீர் பதம்.

5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகளுக்குத் திருவிழா என்றாள் கொழுந்தியா. பிரியாணியின் 102 ஃபாரன்ஹீட் அந்தக் கணக்கில் 39 டிகிரி. சமைத்ததை அந்தச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாதாம், 32 டிகிரியைத் தாண்டுகிற நம்மூர் வெயிலுக்கு ஒரு மணி நேரம்தான் கணக்காம். அம்மா அசரவில்லை.

"நான் மோந்து பார்த்துட்டேன். நல்லாத்தான் இருக்கு."

அம்மாவின் மூக்கு சாதாரண மூக்கல்ல. தெருமுனையில் கருவாடு வறுத்தால் யார் வீட்டில், என்ன கருவாடு என்று சொல்லும். ஆனால் சோற்றில் வருகிற பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி அந்த மூக்குக்கும் டிமிக்கி கொடுத்துவிடுமாம். அதன் வித்து சோறு வேகும்போதுகூடச் சாகாது. சோறு மெதுவாக ஆறும்போது முளைத்துப் பெருகும். அது கக்குகிற ஒரு விஷம் மறுபடி எவ்வளவு சூடு பண்ணினாலும் போகாது. வாடையும் வராது, வாந்தி மட்டும் வரும்.

"நாங்க பழைய சோறு தின்னு வளரலையா?"

"அது தண்ணி ஊத்திப் புளிக்க வச்சது அத்தை. அந்தப் புளிப்பு மத்த கிருமியை அடக்கும். இது காய்கறியும் நெய்யும் போட்டு மூடி வச்சது." கொஞ்சம் யோசித்து, "பேத்திக்குப் பால் ஆத்துறப்ப தண்ணித் தட்டுல டம்ளரை வச்சுத்தானே ஆத்துறீங்க? அதே மாதிரி ரெண்டு மணிக்கே, அண்டா நல்ல சூட்டுல இருக்கிறப்பவே தாம்பாளத்துல பரத்தி, சூடு தணிஞ்சதும் சின்னச் சின்ன டப்பாவுல உள்ள வச்சிருந்தா நாளைக்குத் தாராளமாச் சாப்பிடலாம்."

அம்மா பதில் பேசவில்லை. அது எங்கள் வீட்டில் அபூர்வம். ஆனாலும் கொட்டவும் விடவில்லை. காலையில் வேலைக்கு வரும் அக்காவுக்குக் கொடுக்கலாமாம்.

ஏழு மணிக்கு அந்த அக்கா வந்தார். நான் மாவு துடைத்துக்கொண்டிருந்தேன். அண்டாவின் மூடியைத் தூக்கிப் பார்த்தவர், எங்கள் எல்லார் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். "நேத்து மதியமே ஒரு போன் பண்ணியிருந்தா எங்க வீட்டுல ஆறு பேரும் வந்து வயிறாரச் சாப்பிட்டிருப்போமேம்மா. உங்களுக்கே வேண்டாம்னு ஆனப்புறம் எனக்கு எதுக்கு?" என்று மூடியைத் திரும்ப வைத்தார். கொழுந்தியாவின் அரை மணி நேரப் பாடம் செய்யாததை அது செய்தது. அம்மா தானே அண்டாவைத் தூக்கினாள். நூல் விட்டிருந்த அவியலும் பாயசமும் பின்னாலேயே போயின. மக்கும் குப்பை வாளி நிறைந்து பக்கத்து வீட்டு வாளியைக் கடன் வாங்கினோம்.

தப்பியது சாம்பார்தான். நான் அணைக்க மறந்த புண்ணியத்தில் அது ஏழு மணி வரை கொதியிலேயே இருந்தது. கையோடு அகலச் சட்டிக்கு மாற்றி ஆறவைத்து ஃப்ரிட்ஜுக்குள் போனது. அம்மா திருநெல்வேலிக்காரி. விடுவாளா? இன்னும் கொஞ்சம் கொதிக்கவிட்டுச் சுண்டக்கறி ஆக்கிவிட்டாள். குண்டானில் மிஞ்சிய மாவில் தோசை. அருமையான புளிப்பு, ஓரமெல்லாம் முறுமுறுவென்று வந்தது.

"ராத்திரி பூரா வெளியதான் கெடந்துச்சு," என்று அம்மா கொழுந்தியாவின் தட்டில் ஒரு தோசையைப் போட்டாள். "இது மட்டும் எப்படி நல்லா இருக்கு?"

மைக்ரோபயாலஜியில் அதற்கும் பதில் இருக்கும். அவள் வாயில் தோசை இருந்தது. இன்னொன்று என்று விரலை மட்டும் காட்டினாள்.