முகம் தெரியாத முதலாளியை வரைதல்

திருப்பூரில் ஒரு கல்லூரியில் பொருளியல் கற்பிக்கிறேன். ஏகபோகம், உலகமயமாக்கல் ஆகிய பாடங்களை நெடுங்காலமாகக் கேலிச்சித்திரங்களைக் கொண்டே தொடங்கி வருகிறேன். என் மாணவர்களில் பலர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்வோரின் பிள்ளைகள். பெருநிறுவனங்களின் அதிகாரம் அவர்களுக்குத் தேர்வுக்குரிய செய்தியாக மட்டும் நின்றுவிடக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

முதலில் காட்டுவது, ஜோசப் கெப்ளர் 1889 ஜனவரியில் 'பக்' என்னும் அமெரிக்க வார இதழில் வரைந்த 'செனட்டின் முதலாளிகள்' என்ற படம். எஃகு, செம்பு, சர்க்கரை, எண்ணெய் என்று பெயர் பொறித்த பணமூட்டைகள் மனித உருவெடுத்து அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டின் பின்புறம் மலைபோல் நிற்க, உறுப்பினர்கள் அவற்றின் முன்னே சின்னஞ்சிறு உருவங்களாக அமர்ந்திருப்பார்கள். மாணவர்களின் கண் மூட்டைகளிலேயே நிற்கும். மேல்மாடத்தில் தாழிடப்பட்டிருக்கும் 'மக்கள் நுழைவாயில்' என்ற கதவைப் பார்க்குமாறு நான் சொல்வேன். அன்று செனட் உறுப்பினர்களை மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன; மக்கள் நேரடியாக வாக்களிக்கும் முறை 1913ஆம் ஆண்டின் அரசமைப்புத் திருத்தத்தால்தான் நாடெங்கும் வந்தது. இதைக் கேட்டதும், அந்தத் தாழ்ப்பாள் ஓவியரின் கற்பனையில் மட்டும் இருந்ததில்லை என்று வகுப்புக்குப் புரிந்துவிடும்.

அவருடைய மகன் உடோ கெப்ளர் 1904இல் அதே இதழில் ஸ்டாண்டர்டு ஆயில் என்னும் எண்ணெய் நிறுவனத்தை ஆக்டோபஸாக வரைந்தார். அதன் கைகள் எஃகு, செம்பு, கப்பல் தொழில்களையும் நாடாளுமன்றக் கட்டடத்தையும் சுற்றிவளைத்திருக்க, ஒரு கை வெள்ளை மாளிகையை நோக்கி நீளும். 1911இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அந்நிறுவனம் 34 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. ஆக்டோபஸ் படத்தைவிடப் புகழ்பெற்றவை குறைவு என்றாலும், தந்தையின் படத்தையே நான் உயர்வாக மதிக்கிறேன். ஆக்டோபஸின் பிடியில் எல்லோரும் இரைகள்தாம். செனட் உறுப்பினர்களைப் போல் உடன்பட்டவர் எவரும் அங்கே இல்லை. பின்னாளில் யூத வெறுப்புப் பிரசாரமும் இதே உருவத்தைக் கையாண்டது என்பதால், அதை வகுப்பில் காட்டும்போதெல்லாம் இந்த எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்கிறேன்.

கெப்ளருக்கு மூட்டையின்மேல் எழுதுவதற்கு ஒரு பெயர் இருந்தது. இன்றைய நிலைமை வேறு. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சாவர் நகரில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, இடிபாடுகளில் மேலைநாட்டு நிறுவனங்களின் பெயர் பொறித்த துணிப்பட்டைகள் கிடைத்தன. ஆனால் கட்டடம் ஒருவருடையது, தொழிற்சாலைகள் வேறு சிலருடையவை, விலையை நிர்ணயித்தவர்களோ கடல் கடந்து இருந்தார்கள். இத்தனை பேரில் கேலிச்சித்திரக்காரர் எவர் முகத்தை வரைவார்?

இக்கேள்வியை ஒருமுறை வகுப்பில் வைத்தேன். தாய் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலைக்குப் போகும் ஒரு மாணவி நீண்ட மேசை ஒன்றை வரைந்துவந்தாள். தையல்காரர், ஜாப் ஒர்க் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை) எடுத்தவர், ஏற்றுமதிக் கம்பெனி முதலாளி எல்லோரும் மேசைத் தலைப்பில் இருக்கும் காலி நாற்காலியைப் பார்த்துக் கைகட்டி நிற்கிறார்கள். நாற்காலியில் ஒரு விலைச்சீட்டு மட்டும் தொங்குகிறது. பையரை, அதாவது வெளிநாட்டுக் கொள்முதலாளரை, நேரில் கண்டிராத ஊர்க்காரர்களின் வாழ்வை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன படத்தை நான் பார்த்ததில்லை.

ஜோசப் கெப்ளர் 'பக்' இதழின் பங்குதாரராகவும் இருந்தார். வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் கேலிச்சித்திரம் வரைந்த ஆன் டெல்னெஸுக்கு அந்த வாய்ப்பு இல்லை. டிரம்ப் சிலையின் காலடியில் தொழில்நுட்ப, ஊடகச் செல்வர்கள் பணிவதாக அவர் வரைந்த படத்தில் அந்நாளிதழின் உரிமையாளர் ஜெஃப் பெசோஸும் இருந்தார். அதே பொருளில் கட்டுரைகள் வருவதால் படத்தை விலக்கியதாக ஆசிரியர் விளக்கினார். டெல்னெஸ் 2025 ஜனவரியில் பதவி விலகினார், அவ்வாண்டே புலிட்சர் பரிசு பெற்றார். அச்சேறாத அந்தப் படத்தையும் பாடத்தில் சேர்த்திருக்கிறேன். அதன் பிறகு, எந்தப் படத்தைக் காட்டினாலும் அது வந்த இதழ் யாருடையது என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.