செட்டிநாட்டில் வீடு பார்க்காத ஒரு நாள்

செட்டிநாட்டுக்குப் போகிறோம் என்று சொன்னாலே, "எந்த வீட்டைப் பார்க்கப் போறீங்க?" என்றுதான் கேட்பார்கள். தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரை, முற்றம் எல்லாம் நாங்கள் நான்கு பேரும் முன்பே பார்த்தாயிற்று. இந்தத் தடவை ஒரு வீட்டுக்குள்ளும் நுழைவதில்லை, வெட்டவெளியில்தான் சுற்றுவது என்று முடிவு. மார்கழிப் பனியில் காலை ஐந்தரைக்கு காரைக்குடியில் ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திருப்பத்தூர் பக்கம் வண்டியை விட்டோம். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர். மேப்பில் ஊர்ப் பெயரை மட்டும் போட்டுவிட்டு வந்த எங்கள் டிரைவர் நண்பனுக்கு அது வேலூர்ப் பக்கம் வழி காட்டியது தனிக்கதை.

முதலில் கொள்ளுகுடிப்பட்டி. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் என்று பலகையில் இருக்கும். வேட்டங்குடிக் கண்மாய், பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்கள் மூன்றும் சேர்ந்து சுமார் 38 ஹெக்டேர்தான். 1977இல் சரணாலயமாக அறிவித்தார்கள், 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

இறங்கியதும் முதலில் வந்தது வாடை. மீன் கவிச்சியும் எச்சமும் கலந்த வாடை. அடுத்து இரைச்சல். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்கள் ஒவ்வொன்றும் ஒரு சந்தைக்கடை. அந்த இரைச்சலில் எங்கள் கார் பாட்டு யாருக்குக் கேட்கப் போகிறது என்று நினைத்தோம். கரையில் ஆடு பற்றிக்கொண்டு வந்த பெரியவருக்குக் கேட்டுவிட்டது.

"அப்பு, அந்தப் பாட்டை நிறுத்துங்க. மரத்துல குஞ்சு கெடக்கு."

நிறுத்தினோம். அப்புறம் அவரே பேச்சுக் கொடுத்தார். இந்த ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது என்பதைச் செய்தித்தாளில் படித்திருக்கிறேன். ஆனால் இப்படிக் கரையில் நின்று கேட்கும்போது அது வேறு மாதிரி இருந்தது. "சின்னப் பிள்ளைக அழுவாதா ஐயா?" என்று கேட்டேன். "அழும். ரெண்டு தீபாவளி அழும், அப்புறம் அதுவே அடுத்த பிள்ளைக்குச் சொல்லும்." பறவை எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்குப் பாய்வதால் உரச் செலவு குறைகிறது என்றும் சொன்னார். பாசத்தோடு கணக்கும் இருக்கிறது. அது எனக்குப் பிடித்திருந்தது.

பைனாகுலரை லாட்ஜிலேயே விட்டுவிட்டு வந்தது நான்தான். அதனால் தூரத்து மரங்களை விட்டுவிட்டுக் கரையோரம் நின்ற ஒரு நத்தைக்குத்தி நாரையை மட்டும் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கை மூடினாலும் நடுவில் ஒரு சந்து இருக்கும். குஞ்சுக்கு அந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் வரும். சேற்றைக் கிளறி ஒரு நத்தையை எடுத்தது. ஓட்டை உடைக்கும் என்று காத்திருந்தேன்; உடைக்கவில்லை. நத்தையைச் சேற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழ் அலகின் நுனியை மூடிக்குள் விட்டுத் துழாவியது. ஒரு உதறு. சதை தனியே வாயில், ஓடு முழுசாகத் தரையில். நுங்கைக் கட்டைவிரலால் நோண்டி எடுப்பது மாதிரி அத்தனை நறுவிசு. பக்கத்துக் கிளையில் பாம்புத்தாரா ஒன்று ஈரச் சிறகை விரித்துக் காயப்போட்டபடி இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருந்தது. கரண்டிவாயன், வக்கா, அரிவாள்மூக்கன் என்று கேமராக்காரன் எண்ணிக்கொண்டே போனான். நான் பட்டியல் எடுக்கவில்லை.

அங்கிருந்து சிங்கம்புணரி வழியாகப் பிரான்மலை. இங்கே ஒரு தப்புச் செய்தோம். எட்டு மணிக்கு ஏறியிருக்க வேண்டிய மலையைப் பதினொரு மணிக்கு ஏறத் தொடங்கினோம். அடிவாரக் கோயிலில் பாதாளம், பூலோகம், கயிலாயம் என்று மூன்று அடுக்குக்கும் கும்பிடு போட்டுவிட்டு, நான்கு பேருக்கு இரண்டு பாட்டில் தண்ணீரோடு கிளம்பினோம். மலை உச்சியில் ஒரு தர்காவும் உண்டு. அதுவரை போவதுதான் திட்டம். பாதியிலேயே பாறை சுடத் தொடங்கிவிட்டது. ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம்.

பாரியின் பறம்பு மலை இதுதான் என்கிறார்கள். மூவேந்தர்கள் முற்றுகை போட்டபோது, இந்த மலை உழாமலே நான்கு பொருள் தரும், நீங்கள் எத்தனை நாள் சூழ்ந்து கிடந்தாலும் ஒன்றும் ஆகாது என்று கபிலர் சொன்னார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். எங்களுக்கு அந்த நான்கில் ஒன்றும் கிடைக்கவில்லை. கையிலிருந்த கடலை மிட்டாய்ப் பொட்டலத்தையும் ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது. முற்றுகை போட வந்தவர்கள் மாதிரியே திரும்பி இறங்கினோம்.

மதியம் திருப்பத்தூரில் சாப்பாடு. பசியில் எதுவும் நன்றாக இருந்திருக்கும் என்பதால் அதைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. பிள்ளையார்பட்டியில் கூட்டம், தெருவிலிருந்தே ஒரு கும்பிடு.

வெயில் தாழ்ந்ததும் குன்றக்குடி. படியேறி மேலே நின்றபோதுதான் காலையிலிருந்து சுற்றிய பூமி ஒரே பார்வையில் தெரிந்தது. செம்மண், பனை, நடுநடுவே கண்ணாடித் துண்டு மாதிரிக் கண்மாய்கள். ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இந்தப் பக்கம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைத்தால்தான் உண்டு. ஒரு கண்மாய் நிரம்பிக் கலுங்கு பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்கு. குடிக்கத் தனியாக ஊருணி. அந்தப் பெரிய வீடுகளைக் கட்டியவர்களும் படிக்கட்டு வைத்து ஊருணி வெட்டாமல் விடவில்லை.

டிரைவர் நண்பன் கண்மாய்களை எண்ணத் தொடங்கி, பதினேழில் குழம்பி, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். கீழே எங்கேயோ ஒரு மயில் அகவியது. கேமராக்காரன் அன்றைக்கு எடுத்த முந்நூறு படங்களையும் தள்ளித் தள்ளிப் பார்த்தான். நத்தைக்குத்தி உதறும் அந்த நொடி மட்டும் ஒன்றிலும் இல்லை. அதற்கு நான் பொறுப்பில்லை என்று அப்போதே சொல்லிவிட்டேன்.