தசைகள் பாடத்தைக் கருவிலிருந்து தொடங்குங்கள்

முதுகெலும்பிகளின் தசைகள் என்றதும் பலரும் ஓர் அட்டவணை போட்டுவிடுவார்கள்: வரித்தசை, மென்தசை, இதயத்தசை, வரி உண்டா, உட்கரு எத்தனை, நம் விருப்பப்படி இயங்குமா. அது ஒரு மாலை வேலை. மதிப்பெண் போவது "இந்தத் தசை கருவில் எங்கிருந்து வந்தது?" என்ற கேள்வியில்தான். அதனால் எம்.எஸ்ஸி. விலங்கியலுக்கும், பிறகு முதுகலை ஆசிரியர் பணிக்கான பி.ஜி. டி.ஆர்.பி. தேர்வுக்கும் நான் இந்தப் பகுதியைக் கருவியலிலிருந்தே படித்தேன்.

ஆய்வகத்தில் 33 மணி நேரக் கோழிக்கரு ஸ்லைடு இருக்கும். பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழலின் இருபக்கமும் 12, 13 ஜோடி சோமைட்டுகளை எண்ணிப் பாருங்கள். கருவின் நடு அடுக்கான மீசோடெர்ம் துண்டுதுண்டாகப் பிரிந்த கட்டிகள்தான் சோமைட்டுகள். உடற்பகுதியின் எலும்புத்தசைகள் முழுக்க சோமைட் தந்தவை. முதுகுத்தசைக்குத் தண்டுவட நரம்பின் முதுகுப்புறக் கிளையும், விலா, வயிற்றுத் தசைகளுக்கு வயிற்றுப்புறக் கிளையும் போகும். சுறாவை அறுத்தால் இரண்டுக்கும் நடுவில் கிடைத்தடுப்பே தெரியும்.

கைகால்களில்தான் குழப்பம். எலும்பு பக்கத்தட்டு மீசோடெர்மிலிருந்து, அதாவது சோமைட்டுக்கு வெளிப்பக்கமாக இருக்கும் மீசோடெர்மிலிருந்து வருகிறது. தசையோ சோமைட்டிலிருந்து இடம்பெயர்ந்து வந்த செல்களால் ஆனது. காடைச் செல்லின் உட்கருவை நுண்ணோக்கியில் தனியாக அடையாளம் காணலாம் என்று பிரெஞ்சுக் கருவியலாளர் நிக்கோல் லெ துவாரென் 1969இல் காட்டினார். காடையின் சோமைட்டைக் கோழிக்கருவில் ஒட்டிப் பார்த்தவர்கள் 1977இல் இறக்கைத் தசையில் காடைச் செல்களைக் கண்டார்கள். இந்தச் சோதனையை விடைத்தாளில் இரண்டு வரி எழுதுங்கள். விடைக்கு கனம் கூடும்.

தலைத்தசைகளை நிறையப் பேர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். நரம்பைப் பிடித்துக்கொண்டால் போதும். கருவின் தொண்டைப் பகுதியில் வரிசையாக வரும் வளைவுகள்தான் தொண்டை வளைவுகள் (மீனில் செவுளைத் தாங்குபவை); மூளையிலிருந்து வரும் நரம்பு கபால நரம்பு. தொண்டை வளைவு ஒன்றுக்கு 5ஆம் கபால நரம்பு, இரண்டுக்கு 7, மூன்றுக்கு 9, நான்குக்கும் ஆறுக்கும் 10. தசை எங்கே நகர்ந்தாலும் பழைய நரம்பு கூடவே போகும். நடுக்காதில் சுத்தி எலும்போடு சேர்ந்த தசைக்கு 5, அங்கவடி எலும்பின் தசைக்கு 7. இரண்டும் அடுத்தடுத்து இருந்தாலும் வளைவு வேறு. மின்திருக்கையின் மின் உறுப்பு சுருங்கும் வேலையை விட்டுவிட்ட செவுள்தசைதான். இன்றும் அதற்கு 7, 9, 10ஆம் நரம்புகளே. உதரவிதானத்துக்குக் கழுத்து நரம்பு ஏன் வருகிறது? அதன் தசைச்செல்கள் கழுத்துச் சோமைட்டுகளில் பிறந்தவை. எனக்கு இந்தப் பாடமே பிடித்துப்போனது இங்கேதான்.

இதயத்தசையும் குடலின் மென்தசையும் பக்கத்தட்டின் உள்ளுறுப்பு அடுக்கிலிருந்து வருகின்றன. ஒன்றில் வரி உண்டு, மற்றதில் இல்லை. ஆகவே வரியை வைத்துத் தோற்றத்தைச் சொல்லாதீர்கள். "எல்லாத் தசையும் மீசோடெர்மிலிருந்தே" என்று சரியா தவறா கேள்வி வந்தால், தவறு: கண்மணியைச் சுருக்கி விரிக்கும் தசைகள் கருவின் வெளி அடுக்கான எக்டோடெர்மில் உருவாகும் கண்கிண்ணத்திலிருந்து வருபவை. பாலூட்டிகளில் அவை மென்தசை, பறவைகளில் பெரும்பாலும் வரித்தசை.

படிக்கும்போது கருவின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று வரைந்து, ஒவ்வொரு பகுதிக்குப் பக்கத்திலும் தசையையும் நரம்பையும் எழுதிவிடுங்கள். அட்டவணையை அதன்பிறகு நிரப்புங்கள்.