சேறு ஒட்டாத கால்

எங்கள் தாத்தா பெங்களூர் அல்சூரில் ஜட்கா ஓட்டினார். மழைக்காலத்தில் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் சவாரி முடிந்து வந்தால் முதலில் குதிரையின் காலடியில்தான் குத்துக்காலிட்டு உட்காருவார். நான் லாந்தர் பிடிக்க வேண்டும். குளம்புக்கு மேலே உள்ள முடிக்குள் விரலை விட்டு மண்ணைக் கிள்ளி எடுத்து, கோணித் துணியால் துடைப்பார். "ஈரத்தோட விட்டா புண்ணு வந்துடும்டா, காலைல நொண்டும்." அதன் பிறகுதான் அவருக்குக் காபி.

அதனால்தானோ என்னவோ, சஃபோக் பஞ்ச் குதிரையின் படத்தைப் பார்த்ததும் என் கண் காலுக்குப் போனது. இங்கிலாந்தின் கிழக்கோரத்தில், சஃபோக் பகுதியில், ஏர் உழுவதற்கென்றே வளர்த்த கனத்த இனம் இது. ஷயர், கிளைட்ஸ்டேல் இனங்களுக்குக் கணுக்காலில் பாவாடை மாதிரி முடி தொங்கும். இதற்கு அது இல்லை. சஃபோக் மண் கெட்டியான களிமண். முடி இருந்தால் அப்பிக்கொள்ளும். உழவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து இணை சேர்த்து, சேறு தங்காத காலை உண்டாக்கிவிட்டார்கள். தாத்தா லாந்தர் வெளிச்சத்தில் பட்ட பாட்டை அவர்கள் பிறப்பிலேயே தீர்த்துவிட்டார்கள் என்று தோன்றியது.

தோளுயரம் ஐந்தரை அடி, எடை கிட்டத்தட்ட ஒரு டன். 'பஞ்ச்' என்றால் பழைய பேச்சில் கட்டையும் குட்டையுமான உருவம். நிறம் செவலை மட்டுமே. அதிலேயே ஏழு சாயல் சொல்கிறார்கள். அந்த நிறத்தின் பெயரான செஸ்ட்நட்டை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் வரும் ஒரு 'ட்'டை இந்த இனத்துக்கு மட்டும் விட்டுவிட்டுத்தான் இன்றும் எழுதுகிறார்கள். அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

இன்றிருக்கும் எல்லா சஃபோக் குதிரைக்கும் தந்தைவழி மூதாதை ஒன்றே ஒன்று. 1768-இல் பிறந்த, அஃபர்ட் ஊர் கிறிஸ்ப் என்பவரின் குதிரை. உழவுக்கே குதிரை தேவைப்பட்டதால் சஃபோக் உழவர்கள் வெளியே அதிகம் விற்கவில்லை. இனம் கலப்பில்லாமல் நின்றதும், பிற ஊர்களில் பரவாமல் போனதும் அதனால்தான். அப்புறம் டிராக்டர் வந்தது. 1966-இல் பதிவான குட்டிகள் ஒன்பது. நாடு முழுக்க ஒன்பது! ஹோஸ்லி பே சிறைப் பண்ணையில் கைதிகள் இந்தக் குதிரைகளை வளர்த்தார்கள். பிறகு 2006-இல் ஓர் அறக்கட்டளை அந்தப் பண்ணையை ஏற்றது. இன்றும் அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில்தான் இது இருக்கிறது.

எங்களுக்கு டிராக்டருக்குப் பதில் ஆட்டோ. சவாரி குறைந்து, கொள்ளு வாங்கவே கட்டுப்படியாகாமல் போனபோது தாத்தா குதிரையை விற்றார். வாங்க வந்தவரிடம் விலை பேசியது அப்பா. தாத்தா அந்த ஆளைத் தனியாக அழைத்துப்போய், குனிந்து, காலை எப்படித் துடைக்க வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார். அன்று மழைகூட இல்லை.