அரை கிரவுண்டு வலையும் இலந்தை முள்ளும்

2025 நவம்பர் 9, ஞாயிறு

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. நடைக்குப் போகவில்லை. கடலூர் மச்சான் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். குகைச் சுவர் முழுக்கச் சிலந்தி வலை. ஒருவர் விரலால் அழுத்த, அப்படியே உள்ளே போய் வருகிறது. குடும்பக் குழுவில் பாதிப் பேர் இது ஏஐ வேலை என்று சத்தியம் செய்கிறார்கள்.

நிஜம்தான். விலங்கியல் படிக்கும் பேத்தி தேடிப் பார்த்துச் சொன்னாள். அல்பேனியாவும் கிரீஸும் தொடும் எல்லையில் உள்ள கந்தகக் குகை அது. 2022-இல் செக் நாட்டுக் குகை ஆய்வாளர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. போன மாதம்தான் ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. வலையின் பரப்பு 106 சதுர மீட்டர். சதுர மீட்டர் எனக்குப் புத்தியில் ஏறாது. அடிக் கணக்கில் போட்டால் 1,140 சதுர அடி, அரை கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதில் 1,11,000 சிலந்திகள்!

வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "நீங்க அல்பேனியாவைப் பாருங்க, நான் பரணைப் பாக்கறேன்" என்று ஒட்டடைக் கோலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நவம்பர் 11, செவ்வாய்

குகை விஷயம் மண்டையை விட்டுப் போகவில்லை. இரண்டு வகைச் சிலந்திகளாம். சுமார் 69,000 ஒரு வகை. ஐரோப்பாவில் வீட்டு மூலைகளில் சாதாரணமாக இருப்பது. மீதி 42,000 அதைவிடச் சின்னது. வெளியே என்றால் பெரியது சின்னதைப் பிடித்துத் தின்றுவிடும். உள்ளே கும்மிருட்டு, பார்வை மட்டுப்படுவதால் விட்டுவைக்கிறது போலும் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

எனக்குப் பிடித்தது சாப்பாட்டு விஷயம். வெயிலே படாத இடத்தில் எதைத் தின்னும்? குகைக்குள் ஓடும் நீரில் கந்தகத்தை வைத்தே பிழைக்கும் பாக்டீரியா ஏடு ஏடாகப் படிகிறது. அதைத் தின்று, கொசு மாதிரியே இருக்கும் ஆனால் கடிக்காத பூச்சி ஒன்று கூட்டம் கூட்டமாகப் பெருகுகிறது. அந்தப் பூச்சிதான் சிலந்திக்குத் தீனி. சூரியனுக்கு இதில் பங்கே இல்லை.

ஆனால் பேத்தி ஒன்று சொன்னாள், அதில் கொஞ்சம் ஏமாற்றம். "அது ஒரே வலை இல்ல தாத்தா. ஆயிரக்கணக்கான தனித்தனிப் புனல் வடிவ வலை, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு." சரிதான். தீனி கொட்டிக் கிடக்கிற இடத்தில் எல்லாம் வந்து நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. ஊரே வாயைப் பிளந்து பார்க்கும் ஒற்றுமை அவ்வளவுதான்.

2007-இல் டெக்சாஸில் தவாக்கொனி ஏரிக்கரை மரங்களை மூடிய வலையும் இதே கதை. நல்ல மழை, எக்கச்சக்கமான கொசு, சுமார் 180 மீட்டர் நீளத்துக்கு வலை. வெள்ளையாக இருந்தது, கொசு விழுந்து விழுந்து பழுப்பேறியதாம். அதைப் பார்க்கவும் ஜனம் திரண்டு போயிருக்கிறது. 2010 வெள்ளத்தில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலும் மரமெல்லாம் வலை போர்த்தி நின்றது. தண்ணீருக்குத் தப்பி மேலே ஏறிய சிலந்திகள் அவை.

நவம்பர் 16, ஞாயிறு

மழை ஓய்ந்தது. பேத்தியோடு புதுச்சேரி பத்துக்கண்ணு பக்கம் நடை. "நம்ம ஊர்லயே இருக்கு, வாங்க" என்று கூட்டிப்போனாள். ஊசுடு ஏரிக்குப் போகும் வழியில் ஒரு வேலி, அதில் இலந்தைப் புதர். பழைய துணி சிக்கினாற்போல் அழுக்காக ஒன்று. இத்தனை வருஷம் அந்த வழியில் போகிறேன், குப்பை என்றுதான் நினைத்திருப்பேன்.

ஆடு மேய்க்கும் அம்மா வந்து, "இன்னாண்ணா முள்ளுல தேடறீங்க?" என்றார். காட்டினேன். "அது பூச்சிக் கூடு. எப்பவும் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதுதான் உண்மையில் கூடி வாழும் சிலந்தி. ஸ்டெகோடிஃபஸ் சாரசினோரம் என்று பெயர், நம் நாட்டுச் சிலந்திதான். உலகில் 50,000-க்கு மேல் சிலந்தி வகை இருந்தும், இப்படி ஒரே கூட்டில் நிரந்தரமாகக் கூடி வாழ்பவை 25 வகைகூடத் தேறாதாம். கூடு ஒன்று, வலை ஒன்று, இரையும் பொது. பெண்கள்தான் அதிகம், ஆண் கொஞ்சமே. தாய் தன் உடம்பில் கரைத்ததைக் கக்கிக் குஞ்சுக்கு ஊட்டும். கடைசியில் குஞ்சுகள் தாயையே தின்றுவிடும். வீட்டுக்காரி இதைக் கேட்டுவிட்டு அரை மணி நேரம் பேசவில்லை.

அந்த இழையைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்தேன். அதில் பசையே கிடையாது. பின்னங்காலில் உள்ள சீப்பு மயிரால் நூலை வாரி வாரிப் பஞ்சாக்குகிறது. பூச்சியின் கால் அந்தப் பஞ்சில் மாட்டிக்கொள்கிறது. மில்லில் பஞ்சைச் சீப்பால் வாருவதுபோல் வாரும் கார்டிங் மிஷின் அத்தனை பெரிதாக நின்று செய்த வேலையை இது ஒரு காலில் செய்கிறது.

நவம்பர் 19, புதன்

சாயங்காலம் தனியாகப் போனேன். ஒரு வெட்டுக்கிளி மாட்டியது. முதலில் ஒன்று வந்து காலைப் பிடித்தது. அப்புறம் இரண்டு, அப்புறம் எண்ண முடியவில்லை. ஒன்றோடொன்று சண்டை இல்லை.

வீட்டில் சொன்னேன். திருவானைக்காவில் சிவனுக்கு வலைப் பந்தல் போட்ட சிலந்திதான் மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்று அவள் ஆரம்பித்தாள். "யானை அதை ஒட்டடைன்னுதானே பிச்சுப் போட்டுது" என்றேன். பரண் ஞாபகம் வந்துவிட்டது போல, முறைத்தாள்.

நவம்பர் 23, ஞாயிறு

மச்சான் கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார், வலையைப் பார்க்க. கூட்டிப்போய்க் காட்டினேன். "இதுக்கா மச்சான் என்னை வரச் சொன்னீங்க?" நான் வரச் சொல்லவில்லை. இருந்தும் குனிந்து ஒரு வீடியோ எடுத்தார். குழுவில் போட்டார். அல்பேனியாவுக்கு விழுந்த ஆச்சரியக் குறிகளில் ஒன்றுகூட இதற்கு விழவில்லை. "க்ளீன் பண்ணுங்க அங்கிள்" என்று ஒரு பதில் மட்டும் வந்தது.

திரும்பும்போது நிலத்துக்காரரைப் பார்த்தேன். பொங்கலுக்குள் வேலியை வெட்டிக் கம்பி போடப் போகிறாராம். அந்த ஒரு புதரை மட்டும் விடச் சொல்லிக் கேட்டேன். கடிக்குமா என்றார். மனுஷனை ஒன்றும் செய்யாது என்றேன். பார்க்கலாம் என்றிருக்கிறார்.