வில்லாவா, ஊர் விடுதியா? மாலத்தீவு நாட்குறிப்பு

ஜனவரி 4, ஞாயிறு

திருவனந்தபுரத்திலிருந்து மாலேக்கு டிக்கெட் போட்டாயிற்று. பறப்பது ஒன்றேகால் மணி நேரம்தான். தூத்துக்குடியிலிருந்து அந்த விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு. விசாவுக்கு அலைய வேண்டாம், நம் இந்தியர்களுக்கு இறங்கியதும் 90 நாளுக்கு இலவசமாகக் குத்தித் தருகிறார்கள். தங்குமிடத்தில்தான் இழுபறி. என் மனைவிக்குத் தண்ணீர்மேல் நிற்கும் வில்லா வேண்டும். எனக்கு நாலு மனிதர் வாழும் தீவில் ஒரு கெஸ்ட்ஹவுஸ் போதும்.

ஜனவரி 6, செவ்வாய்

ரிசார்ட் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அறை வாடகை என்று போட்டிருப்பது ஆரம்பம்தான். அதன்மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், 17 சதவீதம் சுற்றுலா வரி, தலைக்கு ஓர் இரவுக்கு 12 டாலர் பசுமை வரி. சின்ன கெஸ்ட்ஹவுஸ் என்றால் பசுமை வரி 6 டாலர்தான். அப்புறம் மாலேயிலிருந்து ரிசார்ட்டுக்குக் கடல் விமானம்: போக வர ஒருவருக்கு 400 டாலருக்கு மேல் கேட்கிறார்கள். அதுவும் பகலில்தான் பறக்கும். சாயங்காலம் வந்து இறங்கினால் ஓர் இரவு மாலே பக்கம் கிடக்க வேண்டியதுதான். பேக்கேஜில் மதுவும் அடக்கமாம். குடிக்காத நாங்கள் யாருக்கு ஊற்றிக்கொடுக்க?

எல்லாவற்றையும்விட, அங்கே தீவுக்கு ஒரு ரிசார்ட்தான். வெளியே போய் ஒரு டீ குடிக்க முடியாது. உள்ளே அவர்கள் சொன்னதே விலை.

ஜனவரி 9, வெள்ளி

1972இல் முதல் ரிசார்ட் வந்தபிறகு வெகுகாலம் வெளிநாட்டுக்காரர்களை ஊர்த்தீவுகளில் தங்கவிடாமல்தான் வைத்திருந்தார்கள். 2009 வாக்கில்தான் கெஸ்ட்ஹவுஸ்களுக்கு வழி பிறந்தது. ஊர்த்தீவுகளில் மது கிடையாது. நீச்சலுடைக்குத் தனிக் கடற்கரை, மற்ற இடத்தில் உடம்பை மூடித்தான் நடக்க வேண்டும். இதைச் சொன்னதும், "நான் எந்தக் காலத்துல பிகினி போட்டேங்க?" என்றாள். சரி, பாதி வேலை முடிந்தது. தெற்கு அரி அட்டோலில் (பவளத்தீவுக் கூட்டம்) திகுரா என்ற ஊர்த்தீவில் அறை சொல்லியாயிற்று.

ஜனவரி 22, வியாழன்

ஸ்பீட்போட்டில் முதுகெலும்பு கழன்றுவிட்டது. அறை சுமார்தான், ஏசி சொட்டுகிறது. அறைப்படத்தில் இருந்த அந்த அகலமான ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து நிற்கிறது. அவள் ஒன்றும் பேசவில்லை. அது நல்லதற்கில்லை.

காலைச் சாப்பாடு நிலைமையைக் காப்பாற்றியது. அந்த வீட்டம்மா பொடியாக அரிந்த வெங்காயத்தையும் மிளகாயையும் உப்பும் எலுமிச்சையும் விட்டுக் கையால் கசக்கினார். வெங்காயம் துவண்டபிறகு மீனும் தேங்காய்த் துருவலும் சேர்த்து இன்னொரு பிசை. இதுதான் மாஸ் ஹுனி. கூடவே சுடச்சுட ரொஷி, நம்ம சப்பாத்தி மாதிரி. நம்மூர்க் கடைகளில் மாசி என்று தொங்குகிறதே, அதே சூரைமீன்தான் இங்கே டின்னிலிருந்து வந்தது. இவள் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

தெருவில் வீட்டுக்கு வீடு கம்பிச் சட்டத்தில் கயிறு பின்னிய தொங்கு நாற்காலிகள். மத்தியானம் ஒன்றில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

ஜனவரி 24, சனி

திமிங்கலச் சுறாவைப் பார்க்கப் படகில் போனோம். இந்தக் கடலில் வருடம் முழுக்க வரும். இன்று எங்களுக்கு வரவில்லை, ஆமைதான் வந்தது.

இரவு அவள் பக்கத்து ரிசார்ட்டுக்கு ஒருநாள் பாஸ் எவ்வளவு என்று விசாரித்திருக்கிறாள். மதியச் சாப்பாடு, நீச்சல்குளம், போக வரப் படகு எல்லாம் சேர்த்து. தொகையைக் கேட்டேன். அவளை மட்டும் போய்வரச் சொல்லிவிட்டேன்.