“நான் சொல்லவே இல்லையே, தம்பி”

“என் வீடு எங்க இருக்குன்னு நான் அவர்கிட்ட சொல்லவே இல்லையே, தம்பி. நீங்க சொன்னீங்களா?” என்று அந்த அக்கா தொலைபேசியில் கேட்டபோது, “இல்லக்கா, நீங்கதான் சம்மதம் கொடுத்திருக்கீங்க” என்று உடனே பதில் சொல்லிவிட்டேன். சட்டப்படி அது சரியான பதில். ஆனாலும் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்ற எண்ணம் இன்னும் என்னை விடவில்லை.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மலாய் பழக விரும்பும் தமிழர்களையும், தமிழ் பழக விரும்பும் மற்றவர்களையும் அருகருகே சேர்த்துவைக்கும், நான் உருவாக்கிய இணையச் செயலி அது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திக்கொண்ட அக்கா, அரசாங்க அலுவலகத்தில் ஒரு பாரம் நிரப்பக்கூட மகனை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறதே என்றுதான் அதில் சேர்ந்தார். அவருக்கு இணையாக அமைந்தவர் பட்டணத்தில் வேலை செய்யும் ஒரு மலாய் இளைஞர். சில வாரங்கள் இருவரும் நல்லபடியாகவே பேசிப் பழகினார்கள். நோன்புப் பெருநாள் முடிந்த ஒரு மாலையில், அந்த இளைஞர் பலகார டப்பாவோடு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், அக்காவின் வாசலில் வந்து நின்றார். அவர் மனத்தில் கள்ளமில்லை என்பதை அக்காவே சொன்னார். ஆனால் லயமே வாசலுக்கு வந்து பார்த்ததும், கணவர் இரண்டு நாள் பேசாமல் இருந்ததும் அக்கா பட்டவை.

செயலி தூரத்தை மீட்டர் கணக்கில் காட்டியது. நெருங்க நெருங்க எண் குறையும். மூன்று இடங்களில் நின்று தூரத்தைக் குறித்துக்கொண்டு மூன்று வட்டங்கள் வரைந்தால், அவை சந்திக்கும் புள்ளியே வீடு. டிண்டர் செயலியில் இதே ஓட்டை இருந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டு வெளிப்படுத்தியதை நான் படித்திருந்தேன். படித்திருந்தும், “350 மீட்டர்” என்று பார்த்தவுடன் மக்களுக்கு வருகிற மகிழ்ச்சிக்காக அதை அப்படியே விட்டேன். மோட்டார் இல்லாதவர், பேருந்துக்காக ஒரு மணி நேரம் காத்திருப்பவர், நடந்து போகும் தூரத்தில் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால்தானே பழக வருவார்? இந்த நியாயம் பொய்யென்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை.

இருப்பிடத்தைப் பயன்படுத்தச் செயலி அனுமதி கேட்கும் சம்மத அறிவிப்பு விஷயத்தில்தான் என் நியாயம் நிற்க மறுக்கிறது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கிறது. நான் இரண்டிலும் எழுதினேன். மலாய் சரளமாக வராது என்பதற்காகவே என்னிடம் வந்தவரிடம், அந்த மலாயிலேயே சம்மதம் வாங்கியிருக்கிறேன். தமிழில் நான்கு வரி சேர்க்க எனக்கு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

பிறகு, இருப்பிடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கினேன். நம் நாட்டில் அது ஏறக்குறைய 1.1 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரம். கோலாலம்பூரில் அப்படியொரு சதுரத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் மறைந்துகொள்ளலாம்; இங்கே சுற்றிலும் செம்பனை, நடுவில் ஒரே ஒரு லயம். ஆகவே, ஒரு சதுரத்தில் 20 பேருக்குக் குறைவாகப் பதிந்திருந்தால் அது விரிந்துகொண்டே போகும்படி செய்தேன். தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இப்போது “இதே வட்டாரம்” என்று மட்டுமே தெரிகிறது. அருகில் இருப்பவரைக் காட்டுவதுதான் இந்தச் செயலியின் வேலை என்றால், தோட்டத்து மக்களுக்கு அதை நான் நிறுத்திவிட்டேன் என்றும் சொல்லலாம்.

அன்று தொலைபேசியில் கடைசியாக, அறிவிப்பை வரி வரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்த அக்கா, “முன்னாடியே இப்படிச் சொல்லியிருந்தாலும் அமுக்கியிருப்பேன், தம்பி. பழகணும்னு அவ்வளவு ஆசை” என்றார். அந்த வார்த்தையைப் பல நாள் எனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டேன். என் குரல் உடைந்ததைக் கேட்டு எனக்காகச் சொன்னாரோ என்று பின்னர்தான் தோன்றியது. அவர் கணக்கு இன்னும் இருக்கிறது. இருப்பிட அனுமதியை மட்டும் அணைத்துவிட்டார், யாரோடும் பேசுவதில்லை.

சென்ற வாரம் அந்த இளைஞரிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. அக்காவிடம் கற்ற தமிழில், “அக்கா கோபமா?” என்று மட்டும் கேட்டிருந்தார். நான் இன்னும் பதில் எழுதவில்லை.